ஃபோகரா: கவாத்துக் குச்சிகளில் எழும் 25 மீட்டர் நெருப்பு

இத்தாலியின் வரைபடத்தில் பூட்ஸின் குதிகாலாகத் தெரியும் பகுதிக்கு சலென்டோ என்று பெயர். அங்கே லெச்சே நகரத்துக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் நோவோலி இருக்கிறது. மக்கள்தொகை 8,000 அளவில். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். ஆண்டுதோறும் ஜனவரி 16 மாலை இந்தச் சிற்றூரில் மூட்டும் நெருப்புக்குத்தான் ஃபோகரா என்று பெயர். முழு அளவில் கட்டிய ஆண்டுகளில் அது 25 மீட்டர் உயரம் நிற்கும், ஏறத்தாழ எட்டு மாடி. அடிவட்டத்தின் விட்டம் 20 மீட்டர். எரிபொருள் ஒன்றே ஒன்றுதான்: திராட்சைக் கொடியைக் கவாத்து செய்தபோது விழுந்த குச்சி. 80,000 முதல் 90,000 கட்டுகள் வரை அதில் அடங்கும்.

புகைப்படத்தில் பார்ப்பவர்களுக்குத் தீப்பிழம்புதான் கண்ணில் படும். எங்களைக் கேட்டால், தீ வைப்பதற்கு முந்தைய நாள் பார்க்க வேண்டும். பெருவிரல் பருமன்கூட இல்லாத குச்சிகளைக் கொண்டு, ஆணியோ சட்டகமோ இல்லாமல், எட்டு மாடி உயரத்துக்குச் சரியாத ஒன்றை எழுப்புவதுதான் இதில் உள்ள வித்தை. நெருப்பு எப்படி எரியப் போகிறது என்பதும் அந்தக் கட்டுமானத்திலேயே முடிவாகிவிடுகிறது.

யாருக்காக இந்த நெருப்பு

நோவோலியின் காவல் புனிதர் அந்தோணியார். தமிழ்நாட்டில் அந்தோணியார் என்றதும் குழந்தை இயேசுவை ஏந்திய பதுவை அந்தோணியார் நினைவுக்கு வருவார். அவர் திருநாள் ஜூன் 13. இவர் வேறு. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'வனத்து அந்தோணியார்' என்று அழைக்கும் எகிப்தியத் துறவி; மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து 356இல் இறந்தவர். அவர் திருநாள் ஜனவரி 17. படங்களில் கையில் ஆங்கில 'டி' எழுத்து வடிவக் கோல், ஒரு மணி, காலடியில் பன்றி, பக்கத்தில் நெருப்பு என்று காட்டுவார்கள். நோவோலி அவரைத் தன் காவலராக முறைப்படி ஏற்றது 1664இல்.

நெருப்புக்கும் அவருக்கும் என்ன உறவு? ஒரு பதில் மருத்துவத்தில் இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் கம்பு போன்ற ரை தானியத்தில் வளரும் ஒரு பூஞ்சையால் நஞ்சேறி, கைகால்கள் தீயில் எரிவதுபோல வலித்து அழுகும் நோய் பரவியது. அந்த நோயாளிகளைக் கவனித்தவர்கள் இவர் பெயரிலான துறவற சபையினர். அவர்கள் வளர்த்த பன்றியின் கொழுப்பு மருந்தாகப் பயன்பட்டது. நோய்க்கு 'அந்தோணியார் நெருப்பு' என்று பெயர் வந்தது. இன்று இத்தாலியர்கள் அதே பெயரால் சுட்டுவது நம் 'அக்கி'யை. அக்கி என்ற சொல்லும் நெருப்பிலிருந்து வந்ததுதான். இரண்டு மொழிகளும் ஒரே கொப்புளத்துக்கு ஒரே பெயரைத் தேர்ந்திருக்கின்றன.

இன்னொரு பதில் கதை. சார்டினியாத் தீவில் சொல்வார்கள்: உலகம் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்தோணியார் தன் பன்றிக்குட்டியோடு நரகத்துக்குப் போனார். குட்டி உள்ளே புகுந்து ரகளை செய்ய, பேய்கள் அதை அடக்க முடியாமல் அவரையும் உள்ளே விட்டன. அவர் கையில் இருந்தது நெட்டி போன்ற மென்மையான உட்பகுதி கொண்ட காட்டுச் செடியின் தண்டு. நரகத்துத் தீ பட்டு அதன் உள்ளே கங்கு புகைந்துகொண்டிருந்தது, அவர் திரும்பி வந்தபோது வெளியே தெரியவில்லை. அப்படித்தான் மனிதனுக்கு நெருப்பு கிடைத்தது. அந்தத் தீவிலும் ஜனவரி 16 இரவு ஊர்தோறும் நெருப்பு உண்டு. கன்னோனாவ் திராட்சைக்குப் பெயர்போன மாமொயாடா ஊரில் தெருவுக்குத் தெரு மூட்டுவார்கள்.

கதையையும் சபையையும் விட்டுவிட்டு நாட்காட்டியை மட்டும் பார்த்தாலும் காரணம் கிடைக்கும். ஜனவரி நடுவில் திராட்சைத் தோட்டக்காரனிடம் மிதமிஞ்சி இருக்கும் பொருள் எது? குச்சி.

குச்சி எங்கிருந்து வருகிறது

திராட்சைக் கொடி புதிதாக விட்ட தளிரில்தான் காய்க்கும். அந்தத் தளிர் போன ஆண்டுக் குச்சியின் மொட்டிலிருந்து வரும். எல்லா மொட்டுகளையும் விட்டுவைத்தால் கொடி காடாகும், பழம் சிறுக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை, ஒவ்வொரு கிளையிலும் ஓரிரு மொட்டுகள் கொண்ட சிறு முளையை மட்டும் வைத்துவிட்டு மீதியை வெட்டித் தள்ள வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் செய்யும் கவாத்துதான் இதுவும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கம்பத்தில் கொடி உறங்குவதில்லை. சலென்டோவில் நவம்பரில் இலை உதிர்ந்து வசந்தம் வரை கொடி உறக்கத்தில் இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கவாத்து. இலை ஏதும் இல்லாத வெறும் குச்சி மட்டுமே விழும் என்பதால் கட்டுவதும் உலர்த்துவதும் எளிது.

இங்கே பெரும்பாலும் பயிராவது நெக்ரோஅமாரோ என்ற கறுப்புத் திராட்சை. இத்தாலிய மொழியில் படித்தால் 'கறுப்பு, கசப்பு' என்று பொருள்படும். 'அமாரோ' என்பது கசப்பு இல்லை, கிரேக்கத்தில் கறுப்பைக் குறிக்கும் 'மாவ்ரோ'வின் திரிபு என்று சொல்பவர்களும் உண்டு. அப்படியானால் 'கறுப்புக் கறுப்பு' என்றாகும். பழத்தின் நிறத்தைப் பார்த்தால் அதிலும் தவறில்லை. நெடுங்காலம் இந்த ஒயின் தன் பெயரில் விற்கவில்லை. வடக்கத்தி ஒயின்களுக்கு நிறமும் வீரியமும் ஏற்றுவதற்காக டாங்கர் டாங்கராகப் போனது.

பழைய தோட்டங்களில் இதை வளர்க்கும் முறைக்கு ஆல்பெரெல்லோ, அதாவது 'சிறுமரம்', என்று பெயர். பந்தலும் கிடையாது, கம்பி வேலியும் கிடையாது. இடுப்பளவுக்குக் கீழே ஒரு குட்டைத் தண்டு, அதில் மூன்று நான்கு கிளைகள். வெயிலும் காற்றும் மிகுந்து மழை குறைந்த நிலத்துக்கு ஏற்ற உருவம். கவாத்தை முழுக்கக் கையால்தான் செய்ய முடியும். வெட்டும்போது குச்சிகள் முழு நீளத்தில் கையோடு வரும் என்பதால் கட்டு கட்ட இதைவிட வாகான கொடி இல்லை.

ஒரு கணக்கு

80,000 கட்டு என்பது வாய்ப்பேச்சா, மெய்யா என்று சரிபார்க்கலாம். 20 மீட்டர் விட்டமும் 25 மீட்டர் உயரமும் உள்ள கூம்பின் கன அளவு ஏறத்தாழ 2,600 கன மீட்டர். ஒரு கட்டை ஒரு மீட்டர் நீளம், ஒரு சாண் விட்டம் என்று வைத்தால் அதன் அளவு 0.03 கன மீட்டருக்குச் சற்று மேல். வகுத்தால் எண்பதாயிரத்தை ஒட்டித்தான் வருகிறது. ஊரார் சொல்லும் எண் பொய்யில்லை.

நிலத்தைப் பார்ப்போம். ஒரு கொடியில் அரைக் கிலோ குச்சி விழுகிறது, கட்டு 4 கிலோ என்று கொண்டால், ஒரு கட்டுக்கு 8 கொடி வேண்டும். எண்பதாயிரம் கட்டுக்கு 6,40,000 கொடிகள். ஹெக்டேருக்கு 5,000 கொடி என்றால் 128 ஹெக்டேர். நம் கணக்கில் முந்நூறு ஏக்கருக்கு மேல். எடை 320 டன். ஒரு தோட்டக்காரர் தரக்கூடியது இல்லை இது. ஊரே சேர்ந்தால்தான் குவியும்.

குவிப்பது சும்மாவும் இல்லை. இந்தக் குச்சிக்கட்டுதான் ஒரு காலத்தில் ரொட்டி அடுப்புக்கான விறகு. மெல்லியது, சட்டென்று பிடிக்கும், குறைந்த நேரத்தில் கடும் சூடு தரும். அடுப்புக்கு வைத்திருந்த விறகில் ஒரு பங்கைப் புனிதருக்கு ஒதுக்கினார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இதைக் குப்பை கொளுத்துவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கட்டு கட்டுவது

வெட்டிய குச்சிகளை அடிப்பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி சேர்க்க வேண்டும். தலைமாறி அடுக்கினால் கட்டு இரண்டு பக்கமும் புடைத்து, அடுக்கும்போது உருளும். அடிமுனைகள் ஒன்றாக இருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் ஆப்பு வடிவம் வரும். வட்டமாக அடுக்குவதற்கு அந்த வடிவம்தான் வேண்டும்: தடித்த பக்கம் வெளியே, மெலிந்த பக்கம் மையத்தை நோக்கி.

எவ்வளவு இறுக்குவது என்பதில் கைப்பழக்கம் தெரியும். தளர்வாகக் கட்டினால் மேலே எடை ஏற ஏற நசுங்கி, அந்த இடத்தில் அடுக்கு தாழும். முறுக்கி இறுக்கினால் உள்ளே காற்று புகாது. உலராது, எரியும்போதும் கரிந்து புகையும். கட்டைத் தோளில் போட்டால் வளையாமல் நிற்க வேண்டும், ஆனால் நடுவில் விரல் நுழைய வேண்டும். இந்த அளவு போதும்.

கட்டும் நாரில் பலர் கோட்டை விடுகிறார்கள். வளையும் கொடியாலோ கோரையாலோ கட்டினால் எல்லாம் சேர்ந்து எரிந்துவிடும். இரும்புக் கம்பி வேலையைச் சுருக்கும், ஆனால் சாம்பலில் மிஞ்சும். நைலான் கயிறு கூடவே கூடாது. உருகிச் சொட்டும், நச்சுப்புகை விடும், தீ தொட்டதும் அறுந்து கட்டுகள் ஒரே நேரத்தில் பிரிந்து சரியும்.

வெட்டிய அன்று குச்சியின் எடையில் பாதிக்கு அருகில் நீர்தான். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நன்றாக எரியும். கட்டைத் தரையில் படுக்க வைக்காமல் சாய்த்து நிறுத்தினால், தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அடிக்காத வரை, சில வாரங்களில் உலர்ந்துவிடும். ஒடித்துப் பாருங்கள்: 'டக்' என்று முறிந்தால் ஆயிற்று, நார் இழுத்தால் இன்னும் பச்சை.

எழுப்புவது

கட்டுபவர்களுக்கு உள்ளூர்ப் பேச்சில் பிஞ்ஞுனாய் என்று பெயர். டிசம்பர் முழுக்கக் கட்டுகள் வந்து சேரும். ஜனவரி 16 காலைக்குள் உச்சி முடிந்தாக வேண்டும். புனிதர் நாளைத் தள்ளிப்போட வழியில்லை.

முதலில் நடுவில் ஒரு முளை அடித்து, கயிற்றால் வட்டம் இழுக்கிறார்கள். தரை மட்டமாக இருப்பது இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம். அடியில் ஒரு பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருந்தால், 20 மீட்டர் அகலக் கூம்பின் உச்சி அதைவிடப் பெரிய தூரம் அந்தப் பக்கம் விலகும். கட்டும்போது கண்ணுக்குத் தெரியாது. எரியத் தொடங்கி எடை மாறும்போது தெரியும்.

அடுக்குவதன் இலக்கணத்தை வைக்கோல் போர் போட்டவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டும் உள்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அப்போது மேலிருந்து வரும் எடை எல்லாவற்றையும் மையத்துக்குத் தள்ளும். வெளிப்பக்கம் சாய்ந்தால் அதே எடை வெளியே பிதுக்கிவிடும். கீழ் வரிசையில் இரண்டு கட்டு சேரும் இடைவெளியின் மேல் அடுத்த வரிசைக் கட்டு உட்கார வேண்டும், செங்கல் வைப்பதுபோல. வெளிச்சுவரை மட்டும் அழகாக எழுப்பிவிட்டு நடுவை அப்புறம் நிரப்பலாம் என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் தவறு. நடு எப்போதும் ஓரத்தைவிட ஒரு வரிசை முன்னால் ஏறியிருக்க வேண்டும்.

உயரம் ஆளைத் தாண்டியதும் ஏணிகள் வருகின்றன. நீண்ட மர ஏணிகளைச் சரிவின் மேல் சாத்தி, படிக்கு ஓர் ஆளாக நின்று, கட்டைக் கையிலிருந்து கைக்கு மேலே கடத்துகிறார்கள். ஒருவர் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினால் எண்பதாயிரம் கட்டு எந்த ஜனவரியிலும் முடியாது. சங்கிலியாக நின்றால் யாரும் நகர்வதில்லை, கட்டு மட்டும் ஏறுகிறது. தாளம் தவறக்கூடாது, மேலே இருப்பவர் ஒரு கட்டைச் சரிபார்க்க நின்றால் கீழே இருபது பேர் கைநிறையச் சுமையோடு நிற்பார்கள்.

வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டு நேர்க்கூம்பு, சில ஆண்டு படிப்படியாகக் குறுகும் அடுக்கு. சில ஆண்டுகளில் அடிவழியே ஆள் நடந்துபோகும் சுரங்கப் பாதையும் விடுவார்கள். பார்க்க எளிதாகத் தோன்றும் இந்தப் பாதைதான் மொத்த வேலையிலும் கடினமானது, ஏனென்றால் அதன் கூரையின் மேல் பல டன் எடை உட்காரப் போகிறது. தீ வைத்த பிறகு அதே பாதை புகைபோக்கிபோலக் காற்றை உறிஞ்சும். நெருப்பின் போக்கையே மாற்றும். அண்மைக் காலத்தில் மிம்மோ பலாதினோ, யானிஸ் குனெல்லிஸ் போன்ற பெயர்பெற்ற கலைஞர்களையும் அழைத்து ஃபோகராவுக்கு வடிவம் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஊராருக்குள் இரண்டு கருத்து இருந்தால் வியப்பதற்கில்லை.

16ஆம் தேதி காலை உச்சியில் அந்தோணியாரின் உருவம் தாங்கிய கொடியை ஏற்றுவார்கள். அது இறங்காது, கூடவே எரியும்.

எரிவது

அன்று பகலில் கால்நடைகளுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் ஆசீர்வாதம். பிறகு 'இன்டோர்ச்சாட்டா' எனப்படும் ஊர்வலம். பெரிய மெழுகுவர்த்திகளோடு புனிதரின் சுரூபம் தெருக்களில் வரும். இருட்டியதும் வாணவேடிக்கை, அதோடு நெருப்பு.

கார்த்திகையில் சொக்கப்பனை பார்த்தவர்களுக்குச் சட்டென்று எரிந்து முடியும் நெருப்பு தெரியும். பனையோலை போலவே திராட்சைக் குச்சியும் விரைவில் எரியக்கூடியதுதான். பின் எப்படி இது இரவு முழுக்க எரிந்து, கங்கு நாட்கணக்கில் கிடக்கிறது? விடை அளவில் இருக்கிறது. தீக்குக் காற்று வேண்டும். காற்று வெளிப்பரப்பில்தான் தாராளமாகக் கிடைக்கும். நெருக்கி அடுக்கிய குவியலின் உள்ளே காற்று இல்லாததால் அது காத்திருக்கிறது. வெங்காயம் உரிவதுபோல, வெளி அடுக்கு எரிந்து உதிர்ந்த பிறகே அடுத்த அடுக்கின் முறை.

இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தால் புரியும். எல்லா அளவையும் பத்தில் ஒன்றாக்குங்கள்: 2 மீட்டர் விட்டம், 2.5 மீட்டர் உயரம். கன அளவு ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். 80 கட்டுகளே போதும். ஆனால் வெளிப்பரப்பு நூறில் ஒன்றாகத்தான் குறைகிறது. ஆக, குச்சிக்குக் கிடைக்கும் காற்று பத்து மடங்கு. பெரியது இரவெல்லாம் எரிந்தால் சிறியது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. 'சின்னதாக ஒரு ஃபோகரா' என்று முயன்று ஏமாறுபவர்கள் அடுக்கியதில் குறை தேடுவார்கள். குறை அடுக்கியதில் இல்லை.

கெடுவது எப்படி என்று பார்த்தால், மழையைவிடக் காற்றுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். கூம்பின் சரிவில் மழை பெரும்பகுதி வடிந்துவிடும். வெளி ஓர் அடி நனையும், புகை கூடும், பற்றத் தாமதமாகும். ஆனால் ட்ரமொன்டானா என்ற வடகாற்று வலுத்தால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகத் தின்னப்பட்டு, எரியாத மறுபக்கம் அதன் மேல் சாயும். சரியும்போது ஒரே நேரத்தில் தீப்பொறி வெடித்துப் பறக்கும். ஆகவே காற்று போகும் திசையில் ஆட்களை நிறுத்தக்கூடாது. வெப்பமும் நாம் நினைப்பதைவிடத் தொலைவு வரும். தடுப்புக்கு வெளியே நின்றாலும் முகத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் நிற்கும் குச்சிக் குவியலில் சிறு பிராணிகள் குடியேறியிருக்கும் என்பதால், சிறிய குவியல் என்றால் மூட்டும் நாளன்று பிரித்து அடுக்குவது நல்லது.

குவியலில் போடக்கூடாதவை: பழைய தோட்டத்துப் பதப்படுத்திய மரக்கம்பம், டயர், பெயின்ட் அடித்த பலகை. கம்பங்களில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கக்கூடும், அது சாம்பலில் தங்கும். நோய்கண்ட கொடியின் குச்சியைத் தோட்டத்தில் விடாமல் எரிப்பது நல்ல பழக்கம், ஏனென்றால் தண்டழுகல் பூஞ்சைகள் வெட்டிப்போட்ட மரத்தில் பிழைத்திருக்கும்.

வடக்கே ஒரு பார்வை

ஒயின் நாட்டில் குளிர்கால நெருப்பு நோவோலிக்கு மட்டும் சொந்தமில்லை. வட இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில், புரொசெக்கோ என்ற நுரைக்கும் ஒயின் விளையும் குன்றுகளில் ஜனவரி 5 இரவு 'பனெவின்' மூட்டுகிறார்கள். பெயருக்கு 'ரொட்டியும் ஒயினும்' என்று பொருள். மக்காச்சோள மாவும் உலர் அத்தியும் பெருஞ்சீரகமும் சேர்ந்த 'பின்ஸா' என்ற கேக்கும், பட்டை கிராம்பு போட்டுச் சூடாக்கிய ஒயினும் அன்றைக்கு உண்டு. அங்கே நெருப்பின் உயரத்தைவிடப் புகையும் பொறியும் போகும் திசைக்குத்தான் மதிப்பு. பக்கத்து ஃப்ரியூலியில் ஒரு சொலவடை உண்டு: புகை மேற்கே போனால் சாக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போ, கிழக்கே போனால் சாக்கை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போ. முதலாவது பஞ்சம், இரண்டாவது விளைச்சல்.

இப்போது குச்சிக்கே தட்டுப்பாடு

2008 முதல் 2011 வரை ஐரோப்பிய ஒன்றியம் ஒயின் உபரியைக் குறைக்கத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு பிடுங்கப் பணம் கொடுத்தது. ஆள்கூலி மிகுந்த பழைய ஆல்பெரெல்லோக்களுக்கு அது பெரிய அடி. புதிதாக நடுபவர்கள் கொடியைக் கம்பியில் வரிசையாகப் படரவிடும் முறைக்குப் போகிறார்கள். அங்கே வெட்டிய குச்சியை டிராக்டர் வரிசைக்கு நடுவிலேயே நொறுக்கி மண்ணில் விடும். மண்ணுக்கு அது நல்லது, கட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. 2013 முதல் ஸைலெல்லா பாக்டீரியா சலென்டோவின் ஆலிவ் மரங்களைப் பெருமளவில் காயவைத்தது. அங்கே பரவிய வகை திராட்சையைத் தொற்றவில்லை என்பது தோட்டக்காரர்களுக்கு ஓர் ஆறுதல்.

எரிந்து முடிந்ததும் சாம்பல். 320 டன் கட்டில் நீரைக் கழித்து, உலர் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு சாம்பல் என்றால் ஐந்தாறு டன் தேறும். பொட்டாசியம் மிகுந்த உரம்தான். ஆனால் சலென்டோ மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடப்பது, ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. சாம்பலும் காரம். ஒரே தோட்டத்தில் கொட்டினால் இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளிக்கும். மெல்லத் தூவ வேண்டும், அதற்கு முன் காந்தத்தை ஓட்டிக் கட்டுக்கம்பிகளைப் பொறுக்க வேண்டும். இது நடக்கும்போது தோட்டத்தில் கவாத்து பாதிதான் முடிந்திருக்கும். பிப்ரவரியில் விழும் குச்சி அடுத்த ஜனவரிக்கு நன்றாக உலர்ந்து கிடக்கும். அடுக்கின் நடுவில் வைக்க அதைவிடப் பொருத்தமான கட்டு இல்லை.